‘அன்று’ வந்தால் ‘ஆன்’: ஆங்கிலத்தில் தேதி எழுதும்போது வரும் சந்தேகங்கள்

தேதி, மாதம், கிழமைக்கு முன்னால் எந்த ப்ரிபோசிஷன் (இன், ஆன், அட் போன்ற முன்னிடைச்சொல்) போடுவது என்று கேட்டு வந்த கடிதங்களே இந்த முறை அதிகம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். ஆங்கில வாக்கியங்களை உச்சரிப்பின்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். வாய்விட்டுப் படித்தால் மனதில் நிற்கும்.

‘இன் ஜூன்’ என்று எழுதச் சொல்கிறார்கள். அதையே ஜூன் 5 என்றால் ‘ஆன் ஜூன் 5’ என்கிறார்கள். மாதம் அதே ஜூன்தானே, ஏன் மாறுகிறது?
– பிளஸ் டூ மாணவி, தேனி

பக்கத்தில் 5 வந்துவிட்டதே! மாதத்தை மட்டும் சொன்னால் முப்பது நாளும் அதில் அடக்கம். 5 சேர்ந்த உடனே நீங்கள் சொல்வது ஒரு நாளை. ஒரே ஒரு நாளைச் சுட்டினால் ‘ஆன்’. நாளைவிடப் பெரிய காலம், அதாவது மாதம், ஆண்டு, பருவம், நூற்றாண்டு என்றால் ‘இன்’. கடிகார நேரம் என்றால் ‘அட்’.

இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். தமிழில் இதே பிரிவினை இருக்கிறது: ஐந்து மணிக்கு, ஜூன் 5 அன்று, ஜூன் மாதத்தில். ‘க்கு’ வந்தால் அட், ‘அன்று’ வந்தால் ஆன், ‘இல்’ வந்தால் இன். அன்று–ஆன், இல்–இன் என்று ஓசையும் ஒத்துப்போவது நம் அதிர்ஷ்டம்.

ஆனால் ஒரு சிக்கல். தமிழில் பேசும்போது நாம் ‘அன்று’ என்பதை விழுங்கிவிடுவோம். “அஞ்சாம் தேதி வந்தேன்” என்போம். “திங்கட்கிழமையில் வைத்துக்கொள்ளலாம்” என்றும் சொல்வோம். இந்தக் ‘கிழமையில்’, ‘தேதியில்’ ஆகியவற்றை அப்படியே மாற்றும்போதுதான் ‘இன் மண்டே’, ‘இன் 5 ஜூன்’ பிறக்கின்றன. எனவே காதில் விழுவதை நம்பாமல் சோதித்துப் பாருங்கள். அந்த இடத்தில் ‘அன்று’ போட்டுப் பார்த்தால் பொருந்துகிறதா? ‘திங்கட்கிழமை அன்று’ பொருந்தும். ஆகவே ஆன் மண்டே. ‘பிறந்த நாள் அன்று’ பொருந்தும்; ஆன் மை பர்த்டே. ‘ஜூன் மாதம் அன்று’ என்று யாரும் சொல்வதில்லை. அங்கே இன் ஜூன்.

ஒரே நிகழ்ச்சியை வைத்துப் பாருங்கள். சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969இல்: ‘இன் 1969’. மாதம் சேர்த்தால் ‘இன் ஜனவரி 1969’. நாளும் சேர்த்தால் ‘ஆன் 14 ஜனவரி 1969’. ஆண்டு, மாதம், நாள் இவற்றில் வாக்கியத்தில் இருக்கும் மிகச் சிறிய அளவு எதுவோ, அதுதான் ப்ரிபோசிஷனை முடிவு செய்கிறது.

‘காலையில்’ என்பதற்கு ‘இன் த மார்னிங்’ சரி. அப்படியானால் ‘திங்கட்கிழமை காலையில்’ என்பதற்கு ‘இன் மண்டே மார்னிங்’ ஏன் தவறு?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

காலைக்கு முன்னால் ஒரு நாள் வந்து ஒட்டிக்கொண்டால் நாளின் ப்ரிபோசிஷன்தான் ஜெயிக்கும். ‘இன் த மார்னிங்’, ஆனால் ‘ஆன் மண்டே மார்னிங்’. ‘இன் த ஈவ்னிங்’, ஆனால் ‘ஆன் த ஈவ்னிங் ஆஃப் 23 ஆகஸ்ட்’. இந்த இடத்தில் தமிழின் ‘இல்’ என்பதை நம்பினால் கவிழ்ந்துவிடுவோம்.

இரவு விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. பொதுவாக இரவில் என்றால் ‘அட் நைட்’. நள்ளிரவில் என்றால் ‘அட் மிட்நைட்’, நண்பகலில் ‘அட் நூன்’. பிற்பகல் மட்டும் ‘இன் த ஆஃப்டர்நூன்’. தூக்கத்தின் நடுவே எழுந்த கதையைச் சொல்லும்போது ‘ஐ வோக் அப் இன் த நைட்’ என்பது சரியே. குறிப்பிட்ட ஓர் இரவு என்றால் ‘ஆன் த நைட் ஆஃப் 10 மே’. நமது சூத்திரம் கைவிடும் இடங்கள் இவைதான். நாலைந்து தொடர்கள், அப்படியே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நேரம், கிழமை, தேதி மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதினால் எந்த வரிசையில் எழுதுவது? மூன்று ப்ரிபோசிஷனும் வேண்டுமா?
– ஊராட்சிச் செயலர், தர்மபுரி

சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடியுங்கள். சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை இப்படி எழுதலாம்: “சந்திரயான்-3 லேண்டட் ஆன் த மூன் அட் 6.04 பி.எம். ஆன் வெட்னஸ்டே, 23 ஆகஸ்ட் 2023.” நேரத்துக்கு ஓர் ‘அட்’, நாளுக்கு ஓர் ‘ஆன்’. கிழமையும் தேதியும் ஒரே நாளைத்தான் குறிக்கின்றன. ஆகவே ‘ஆன் வெட்னஸ்டே ஆன் 23 ஆகஸ்ட்’ என்று இரண்டு ஆன் போட வேண்டாம். தேதிக்குப் பின்வரும் மாதத்துக்கும் ஆண்டுக்கும் தனியாக ‘இன்’ கிடையாது. ‘ஆன் 23 ஆகஸ்ட் இன் 2023’ என்பது தவறு.

தமிழில் “2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி புதன்கிழமை மாலை 6.04 மணிக்கு” என்று பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்குகிறோம். சாதாரண ஆங்கிலத்தில் அது தலைகீழ். ‘இன் 2020 மார்ச்’ என்று பலர் எழுதுவதும் இந்தப் பழக்கத்தால்தான். ‘இன் மார்ச் 2020’ என்பதே சரி.

லீவ் லெட்டரில் ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’ என்று எழுதினேன். ‘ஆன்’னை அடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஒரு நாள்தானே?
– வங்கி ஊழியர், ஈரோடு

அடித்தது சரிதான். நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி ஆகிய நான்கும் வந்தால் அட், ஆன், இன் மூன்றும் வெளியேறிவிடும். ‘நெக்ஸ்ட் மண்டே’, ‘லாஸ்ட் ஏப்ரல்’, ‘திஸ் மந்த்’, ‘எவ்ரி ஃப்ரைடே’. டுடே, டுமாரோ, யெஸ்டர்டே ஆகியவற்றுக்கு முன்னாலும் எதுவும் வராது. நாளை காலை என்பது ‘டுமாரோ மார்னிங்’. ‘டுமாரோ இன் த மார்னிங்’ என்று நீட்ட வேண்டியதில்லை.

கூடவே இரண்டு திருத்தங்கள். இன்று காலை என்பதற்கு ‘டுடே மார்னிங்’ நம் ஊர் வழக்கு. ‘திஸ் மார்னிங்’ என்று எழுதுங்கள். நேற்று இரவு ‘யெஸ்டர்டே நைட்’ அல்ல, ‘லாஸ்ட் நைட்’.

‘இன் த லாஸ்ட் மந்த்’ என்று எங்காவது பார்த்துவிட்டுக் குழம்ப வேண்டாம். ‘லாஸ்ட் மந்த்’ என்றால் சென்ற மாதம். ‘இன் த லாஸ்ட் மந்த்’ என்றால் இன்றிலிருந்து பின்னோக்கி ஒரு மாத காலத்தில். இன்று ஜூலை 20 என்றால் முன்னது ஜூன் மாதம். பின்னது ஜூன் 20 முதல் இன்று வரை.

இன்னொன்று: செவ்வாய்க்கிழமை உட்கார்ந்துகொண்டு ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்று எழுதினால், இந்த வாரமா அடுத்த வாரமா என்று ஆங்கிலேயர்களுக்கே சந்தேகம் வரும். லீவ் லெட்டரில் தேதியையே எழுதிவிடுங்கள்: ‘ஆன் ஃப்ரைடே, 14 ஜூன்’.

‘மார்ச் 31க்குள் அனுப்பவும்’ என்பதற்கு ‘செண்ட் வித்தின் 31 மார்ச்’ என்று அலுவலகச் சுற்றறிக்கையில் எழுதுகிறோம். மேலதிகாரி ‘பை’ என்று மாற்றுகிறார். வித்தின், பை, டில், பிஃபோர் நான்கையும் விளக்குங்கள்.
– அரசு அலுவலக உதவியாளர், திருச்சி

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். சம்பளம், அபராதம், டெண்டர் எல்லாமே இந்த நாலு சொற்களில் தொங்குகின்றன.

தமிழ் ‘க்குள்’ இரண்டு வேலை செய்கிறது. “பதினைந்து நாளுக்குள்” என்றும் சொல்கிறோம், “31ஆம் தேதிக்குள்” என்றும் சொல்கிறோம். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்துவிடுகிறது. ‘வித்தின்’னுக்குப் பின்னால் கால அளவு வர வேண்டும்: வித்தின் 15 டேஸ், வித்தின் எ வீக். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் பதில் தருவதற்கான கெடு ‘வித்தின் தர்ட்டி டேஸ் ஆஃப் த ரிசீட் ஆஃப் த ரிக்வெஸ்ட்’ என்றுதான் இருக்கிறது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். அதைச் சொல்லாமல் ‘வித்தின் 30 டேஸ்’ என்று மட்டும் எழுதினால், கடிதத் தேதியிலிருந்தா, கையில் கிடைத்த தேதியிலிருந்தா என்று ஒரு வழக்கே நடத்தலாம்.

கெடு ஒரு தேதியாக இருந்தால் ‘பை’. ‘செண்ட் த ரிப்போர்ட் பை 31 மார்ச்’ என்றால் 31 அன்று அனுப்பினாலும் சரி. ‘பிஃபோர் 31 மார்ச்’ என்றால் 30ஆம் தேதியே கடைசி. இந்த ஒரு நாள் வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. சண்டையே வேண்டாம் என்றுதான் அறிவிக்கைகளில் ‘ஆன் ஆர் பிஃபோர் 31 மார்ச்’ என்று போடுகிறார்கள். அன்றோ அதற்கு முன்போ என்று இரண்டும் அதில் வந்துவிடுகிறது. மாலை எத்தனை மணி வரை என்பதும் முக்கியமானால், ‘பை 5 பி.எம். ஆன் 31 மார்ச்’.

‘டில்’லும் ‘அன்டில்’லும் ஒரே பொருள்தான். ஒரு செயலோ நிலையோ இடைவிடாமல் அந்த நாள் வரை நீடித்தால் இவை வரும். ‘த கவுண்டர் வில் பி ஓப்பன் அன்டில் 31 மார்ச்’ சரி. கவுண்டர் தினமும் திறந்திருக்கிறது. ‘சப்மிட் த ஃபார்ம் அன்டில் 31 மார்ச்’ தவறு. ஒரே படிவத்தை மார்ச் முடியும்வரை கொடுத்துக்கொண்டே இருப்பது போல ஆகிவிடும். ஒருமுறை செய்து முடிக்கும் வேலைக்கு ‘பை’, நீடிக்கும் வேலைக்கு ‘அன்டில்’. தமிழில் தேதியோடு ‘க்குள்’ வந்தால் பை, ‘வரை’ வந்தால் அன்டில் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

எதிர்மறையில் ‘அன்டில்’ வேறு மாதிரி நடக்கும். ‘த ரிசல்ட்ஸ் வில் நாட் பி அவுட் அன்டில் 10 மே’ என்றால் 10ஆம் தேதிதான் முடிவு வரும் என்று பொருள்.

கடை வாசலில் ‘குளோஸ்ட் அன்டில் 5 ஜனவரி’ என்று எழுதி ஒட்டினால் 5ஆம் தேதி திறக்குமா, திறக்காதா? இரண்டு விதமாகவும் படிப்பார்கள். அதைக் கிழித்துவிட்டு ‘வில் ரீஓப்பன் ஆன் 6 ஜனவரி’ என்று எழுதுங்கள்.

‘ஃப்ரம் 3 ஜூன் டு 5 ஜூன்’ விடுப்பு கேட்டால் இரண்டு நாளா, மூன்று நாளா?
– பள்ளி ஆசிரியர், நாகப்பட்டினம்

விடுப்புக் கடிதத்தில் மூன்று நாள் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனாலும் ‘ஃபார் த்ரீ டேஸ், ஃப்ரம் 3 டு 5 ஜூன், போத் டேஸ் இன்க்ளூசிவ்’ என்று எழுதுவது நல்லது. மாதத்தை இரண்டு முறை எழுத வேண்டியதில்லை.

நீங்கள் கேட்டது வெறும் இலக்கணச் சந்தேகம் இல்லை என்பதற்கு ஒரு சான்று: நம் நாட்டின் பொது வாசகங்கள் சட்டம் (ஜெனரல் கிளாசஸ் ஆக்ட்) 1897, பிரிவு 9 இதற்கென்றே இருக்கிறது. மத்தியச் சட்டங்களில் ஒரு கால அளவின் முதல் நாளை விலக்க ‘ஃப்ரம்’ என்ற சொல்லும், கடைசி நாளைச் சேர்க்க ‘டு’ என்ற சொல்லும் போதும் என்கிறது அது. லீவ் லெட்டரில் சேர்ந்துவிடும் முதல் நாள், சட்டத்தின் கணக்கில் விலகிவிடுகிறது! ஒப்பந்தம், வாடகைப் பத்திரம் எழுதுகிறவர்கள் ‘இன்க்ளூசிவ்’ என்று சேர்ப்பது இதனால்தான்.

‘ஐ மெட் ஹிம் பிஃபோர் டூ இயர்ஸ்’ – இதில் என்ன தவறு? ‘இரண்டு வருடத்துக்கு முன்’ என்பதன் நேர் மொழிபெயர்ப்புதானே?
– வேலை தேடும் பட்டதாரி, திருநெல்வேலி

நேர் மொழிபெயர்ப்பாக இருப்பதுதான் தவறே! தமிழ் பேசுபவர்கள் நேர்முகத் தேர்வில் மாட்டிக்கொள்ளும் முதல் இடம் இது.

நீங்கள் பேசும் இந்த நிமிடத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் ‘அகோ’. அதுவும் கால அளவுக்குப் பின்னால் வரும். ‘ஐ மெட் ஹிம் டூ இயர்ஸ் அகோ.’ ‘பிஃபோர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு தேதியோ நிகழ்ச்சியோ வர வேண்டும்: ‘பிஃபோர் 2020’, ‘பிஃபோர் பொங்கல்’, ‘டூ டேஸ் பிஃபோர் த வெட்டிங்’. கடைசியில் உள்ளதைப் பாருங்கள். கல்யாணத்திலிருந்து பின்னோக்கி எண்ணுகிறோம், இன்றிலிருந்து அல்ல. அதனால் பிஃபோர்.

முன்னோக்கிப் போகும்போதும் இதே கதைதான். “இரண்டு வாரம் கழித்து வருகிறேன்” என்பதை ‘ஐ வில் கம் ஆஃப்டர் டூ வீக்ஸ்’ என்கிறோம். இன்றிலிருந்து எண்ணினால் ஆங்கிலத்தில் ‘இன் டூ வீக்ஸ்’ என்பதே இயல்பு. இங்கே ‘இன்’ என்பதற்கு ‘உள்ளே’ என்று பொருள் இல்லை. அந்தக் காலம் முடியும் தறுவாயில் என்று பொருள். ‘ஆஃப்டர் டூ வீக்ஸ்’ என்பதைக் கடந்தகாலக் கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: வேலையில் சேர்ந்தார், இரண்டு வாரம் கழித்து விட்டுவிட்டார்.

அலுவலகத்துக்கு ஒரு யோசனை. ‘இன் டூ டேஸ்’ என்று நீங்கள் எழுத, மேலாளர் அதை ‘இரண்டு நாளுக்குள்’ என்று படித்துவிட்டு மறுநாளே கேட்பார். ‘பை தர்ஸ்டே’ என்று கிழமையைச் சொல்லிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃப்ரம் 2019’, ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ – எது சரி?
– தனியார் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்

இரண்டுமே சரியில்லை. தொடங்கிய புள்ளி 2019, வேலை இன்னும் தொடர்கிறது என்றால் ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’. எத்தனை வருடமாக என்று அளவைச் சொன்னால் ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. தமிழில் ‘2019 முதல்’, ‘ஐந்து வருடமாக’ என்று தெளிவாகவே பிரிக்கிறோம். முதல் என்றால் சின்ஸ், ஆக என்றால் ஃபார்.

‘ஃப்ரம்’ எப்போது? முடிந்துபோன காலத்துக்கு, ‘டு’வுடன் ஜோடியாக: ‘ஐ வொர்க்ட் தேர் ஃப்ரம் 2015 டு 2019’. இனி தொடங்கப்போவதற்கும் வரும்: ‘த நியூ டைமிங்ஸ் வில் அப்ளை ஃப்ரம் 1 ஜூன்’. நம் அரசியலமைப்புச் சட்டம் ‘கேம் இன்ட்டு ஃபோர்ஸ் ஆன் 26 ஜனவரி 1950’. அது ‘ஹேஸ் பீன் இன் ஃபோர்ஸ் சின்ஸ் 26 ஜனவரி 1950’. ஒரே தேதிதான். நடந்த நாளைச் சொன்னால் ஆன், அங்கிருந்து இன்றுவரை இழுத்தால் சின்ஸ்.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழையும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ‘ஐ ஹேவ் ஜாய்ன்ட் ஆன் 1 ஜூன்’. ஆன், இன், அகோ, லாஸ்ட் இவற்றால் கடந்த காலத்தின் ஒரு புள்ளியைச் சுட்டிவிட்டால் ‘ஹேவ்’ வரக் கூடாது. ‘ஐ ஜாய்ன்ட் ஆன் 1 ஜூன்’ போதும். அலுவலகக் கடிதங்களில் ‘வி ஹேவ் சென்ட் த செக் ஆன் 5 ஜூன்’ என்பது மலிந்துகிடக்கிறது. ‘வி சென்ட் த செக் ஆன் 5 ஜூன்’ என்று எழுதுங்கள்.

கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்தை ‘பிட்வீன் 9.00 ஏ.எம். டு 10.30 ஏ.எம்.’ என்று அச்சடிக்கலாமா?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

‘பிட்வீன்’ வந்தால் ஜோடி ‘அண்ட்’. ‘ஃப்ரம்’ வந்தால் ஜோடி ‘டு’. மாற்றிக் கட்டக் கூடாது. ‘பிட்வீன் 9.00 அண்ட் 10.30 ஏ.எம். ஆன் வெட்னஸ்டே, 11 செப்டம்பர் 2024’ என்பது பிழையில்லாத வரி. முகூர்த்தத்துக்குப் ‘பிட்வீன்’தான் பொருத்தம், அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நிமிடத்தில் தாலி ஏறும். வரவேற்புக்கு ‘ஃப்ரம் 6.30 பி.எம். ஆன்வர்ட்ஸ்’ என்று போடுகிறார்கள். ‘ஃப்ரம் 6.30 பி.எம்.’ என்றாலே போதும்.

தேதியின் வாலில் ‘த்’ ஒட்டுவது அவரவர் விருப்பம். ஆனால் ‘ஆஃப்’ போட்டால் முன்னால் ‘த’வும் வால் எழுத்தும் வேண்டும்: ‘ஆன் த 11த் ஆஃப் செப்டம்பர்’. ‘ஆன் 11 ஆஃப் செப்டம்பர்’ என்று அரைகுறையாக அச்சடிக்காதீர்கள்.

‘ஆன் த ஈவ் ஆஃப் பொங்கல்’ என்று வாழ்த்துப் பேனர்களில் போடுகிறார்களே?
– வாசகர், மதுரை

‘ஈவ்’ என்றால் முந்தைய நாள். அப்படி எழுதினால் போகியன்று விழா என்று பொருள். ‘பொங்கலை முன்னிட்டு’ என்பதற்கு ‘ஆன் த அக்கேஷன் ஆஃப் பொங்கல்’.

பண்டிகைகளுக்கும் நம் ‘அன்று–க்கு’ சூத்திரம் அழகாக வேலை செய்கிறது. பொங்கல் அன்று என்றால் ‘ஆன் பொங்கல் டே’. “பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன்” என்றால் ‘ஃபார் பொங்கல்’ அல்லது ‘அட் பொங்கல்’. பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் ‘ஆன் கிறிஸ்மஸ் டே’ என்பது டிசம்பர் 25 மட்டும். ‘அட் கிறிஸ்மஸ்’ என்பது முன்பின் சில நாட்களையும் சேர்த்த பண்டிகைக் காலம்.

மாதக் கடைசியில் – ‘இன் த எண்ட்’டா, ‘அட் த எண்ட்’டா?
– கணினி மைய நடத்துநர், கரூர்

‘அட் த எண்ட் ஆஃப் த மந்த்’. தொடக்கம் என்றாலும் ‘அட் த பிகினிங் ஆஃப்’. நடுப்பகுதி மட்டும் ‘இன் த மிடில் ஆஃப்’. முதல் வாரம் என்றால் ‘இன் த ஃபர்ஸ்ட் வீக் ஆஃப் ஜூன்’. முதல் நாள் என்றால் ‘ஆன் த ஃபர்ஸ்ட் டே’. ‘இன் த எண்ட்’ என்று தனியாக வந்தால் “கடைசியில் பார்த்தால் அவன்தான் ஜெயித்தான்” என்கிற ‘கடைசியில்’. சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அமெரிக்க வாடிக்கையாளர் ‘லெட்’ஸ் மீட் மண்டே’ என்று எழுதுகிறார். ‘ஆன்’ விட்டுப்போனதா?
– மென்பொருள் பொறியாளர், சென்னை

அமெரிக்கர்கள் பேச்சிலும் செய்தித்தாளிலும் கிழமைக்கு முன்னால் ‘ஆன்’னை விட்டுவிடுவார்கள். அது அவர்கள் வழக்கு, பிழை இல்லை. நீங்கள் ‘ஆன் மண்டே’ என்று எழுதினால் அங்கேயும் சரிதான்.

‘ஜூன் 3 த்ரூ ஜூன் 7’ என்று அவர்கள் எழுதினால் 7ஆம் தேதியும் கட்டாயம் சேர்த்தி. வார இறுதிக்குப் பிரிட்டனில் ‘அட் த வீக்எண்ட்’, அமெரிக்காவில் ‘ஆன் த வீக்எண்ட்’.

ஆனால் உங்கள் வேலைக்கு ஆபத்து ப்ரிபோசிஷனில் இல்லை, எண்களில்தான் இருக்கிறது. 04/05/2024 என்பது நமக்கு மே 4. அவர்களுக்கு ஏப்ரல் 5. பன்னிரண்டாம் தேதிக்கு மேல் போனால்தான் யாருக்காவது உறைக்கும். 12க்குள் இருந்தால் இரண்டு பக்கமும் சரியாகவே தெரியும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், அல்லது ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரத்தின்படி 2024-05-04 என்று ஆண்டை முன்னால் வையுங்கள்.

பேலன்ஸ் ஷீட்டில் ‘ஆஸ் ஆன்’, ‘ஆஸ் அட்’, ‘ஆஸ் ஆஃப்’ – எது?
– ஆடிட்டர் அலுவலகப் பயிற்சியாளர், சேலம்

நிறுவனங்கள் சட்டம் 2013இன் மூன்றாம் அட்டவணைப் படிவத்தில் இருப்பது ‘பேலன்ஸ் ஷீட் ஆஸ் அட்’. அதையே பின்பற்றுங்கள். அமெரிக்கக் கணக்குகளில் ‘ஆஸ் ஆஃப்’. ‘ஆஸ் ஆன்’ இந்தியாவில் பரவலாகப் புழங்குகிறது. அலுவலகக் கடிதத்தில் யாரும் கோபிக்க மாட்டார்கள். லாப நட்டக் கணக்கின் தலைப்பில் ‘ஃபார் த இயர் எண்டட் 31 மார்ச் 2024’ என்று வரும். அங்கே தேதிக்கு முன்னால் ப்ரிபோசிஷன் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேலன்ஸ் ஷீட் ஒரு நாளின் நிலவரம், லாப நட்டக் கணக்கு ஓராண்டின் கதை. தலைப்பின் சொற்கள் மாறுவது அதனால்தான்.

‘யுவர் லெட்டர் டேட்டட் ஆன் 5 ஜூன்’ சரியா? கூட்டத்தைத் தள்ளிவைத்தால் ‘ஆன்’ போடலாமா?
– கூட்டுறவுச் சங்கச் செயலாளர், புதுக்கோட்டை

‘டேட்டட்’டுக்குப் பின் எதுவும் வேண்டாம்: ‘யுவர் லெட்டர் டேட்டட் 5 ஜூன்’. சுருக்கமாக ‘யுவர் லெட்டர் ஆஃப் 5 ஜூன்’ என்றாலும் அழகு.

கூட்டம் நடக்கும் நாளுக்கு ‘வில் பி ஹெல்ட் ஆன் 12 ஜூன்’. நாள் குறித்திருப்பதைச் சொன்னால் ‘இஸ் ஷெட்யூல்ட் ஃபார் 12 ஜூன்’. தள்ளிவைத்தால் ‘போஸ்ட்போன்ட் ஃப்ரம் 12 டு 19 ஜூன்’. தேதி ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்கிறது. நகர்வுக்கு ‘டு’தான், ஆன் அல்ல. முன்னுக்குக் கொண்டுவந்தால் ‘ப்ரிபோன்ட் டு’ என்று நாம் சொல்வது இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டுக்கு எழுதினால் ‘பிராட் ஃபார்வர்ட் டு’ என்று எழுதுங்கள்.

தமிழ் மாதங்களை ஆங்கிலத்தில் எழுதும்போது?
– கோயில் அறங்காவலர் குழு உறுப்பினர், கும்பகோணம்

விதி மாறாது. ‘இன் மார்கழி’, ‘இன் ஆடி’. ஆடிப்பெருக்கு ‘ஆன் த 18த் ஆஃப் ஆடி’. தமிழ் அறியாதவர்கள் படிக்கும் அறிக்கை என்றால் விளக்கம் சேர்க்க வேண்டும். அப்போது ‘இன் டிசம்பர் அண்ட் ஜனவரி’ என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு மாதமும் முழுவதுமாக என்று எடுத்துக்கொள்வார்கள். மார்கழிக்கு ‘ஃப்ரம் மிட்-டிசம்பர் டு மிட்-ஜனவரி’, ஆடிக்கு ‘ஃப்ரம் மிட்-ஜூலை டு மிட்-ஆகஸ்ட்’. மார்கழி முழுக்கத் தினமும் திருப்பள்ளியெழுச்சி உண்டு என்று சொல்ல ‘த்ரூஅவுட் மார்கழி’ என்பதே பொருத்தம். ஆண்டுதோறும் தேதி மாறும் திருவிழாவென்றால் தமிழ்த் தேதியோடு அந்த ஆண்டின் ஆங்கிலத் தேதியையும் கொடுத்துவிடுங்கள். வெளியூர் பக்தர்கள் ரயில் டிக்கெட் எடுப்பது அதை வைத்துத்தான்.